முதல் ஜூ மாநாட்டுக்குக் கிளம்பும் டெல்டா தம்பி தங்கைகளுக்கு: படிப்படியாக

ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலோ, ஊர்ப்பக்கத்து மான் பூங்கா ஒன்றிலோ வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். "வண்டலூர்ல ஒரு மாநாடு, நீயும் போயிட்டு வாப்பா" என்று அதிகாரி சொன்னதும் வயிற்றைக் கலக்கும். டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் பேசுகிற இடத்தில் கீப்பருக்கு என்ன வேலை என்று தோன்றும். நிறைய வேலை இருக்கிறது. ஒரு விலங்கைக் காலையிலிருந்து மாலைவரை பார்க்கிறவர் கீப்பர்தான். அது தீவனத்தை மோந்துவிட்டு ஒதுக்கினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். அந்த விவரத்தை மற்றவர்களுக்குப் பயன்படும்படி கொண்டுபோவது எப்படி என்று சொல்கிறேன்.

படி 1: எதைப் பற்றிப் பேசுவது?

மாநாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் வேண்டும்.

ஒரு எளிய வழி. வேலியோரம் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும் விலங்கு உங்களிடம் இருக்கிறதா? ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் அது படுத்திருக்கிறதா, மேய்கிறதா, தடத்தில் நடக்கிறதா, கண்ணில் படவே இல்லையா என்று ஒரு கோடு மட்டும் போட்டால் போதும். ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அடுத்த வாரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே தீவனத்தை ஒரே தொட்டியில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் ஒளித்து வையுங்கள். அதே நேரங்களில் மறுபடியும் கோடு போடுங்கள். தடத்தில் நடந்த கோடுகள் குறைந்திருந்தாலும் சரி, குறையாமலே இருந்தாலும் சரி, இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரு போஸ்டருக்கு (செய்ததைப் படமும் எழுத்துமாக மாநாட்டில் மாட்டி வைக்கும் பெரிய தாள்) விஷயம் கிடைத்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எருக்கு, கறிவேப்பிலை, ஆடுதின்னாப்பாளை என்று ஒவ்வொரு புழுவும் தனக்கென ஒரு செடி வைத்திருக்கிறது. எந்த மாதம் எந்தச் செடியில் முட்டை அதிகம், எந்தச் செடி வெயிலில் தாங்கவில்லை என்று ஒரு வருடம் எழுதினாலே பெரிய விஷயம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் டெல்டாக்காரர்களுக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்த விஷயங்கள் உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் களிமண் தரை நாள்கணக்கில் காயாது. மான்களின் குளம்பு ஊறி மிருதுவாகி, புண் வரும். அப்போது எந்த மூலையில் மேடு போட்டோம், மணல் கொட்டினோமா, செங்கல் பொடியா, எத்தனை நாளில் நடை சரியானது? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கோடியக்கரையில் வெளிமான்களும் செத்தன. புயல் எச்சரிக்கை வந்ததும் எந்த விலங்கை முதலில் இரவு அறைக்கு மாற்றுவது, எந்த மரக்கிளையை முன்கூட்டியே வெட்டுவது, எத்தனை நாள் தீவனம் கையிருப்பு வைப்பது என்று ஒரு பட்டியல் உங்கள் பூங்காவில் இருந்தால் அதையே போஸ்டராகப் போடுங்கள். மேட்டுநிலத்துப் பூங்காக்காரர்கள் நின்று படிப்பார்கள்.

படி 2: அனுமதியும் சுருக்கமும்

அனுமதிக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். போகும் நாட்கள் பணி நாட்களா விடுப்பா, பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் யார் பொறுப்பு என்பதை அப்போதே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட வேண்டாம். தினக்கூலியில் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். பல மாநாடுகளில் மாணவர்களுக்கும் கீப்பர்களுக்கும் கட்டணத்தைக் குறைப்பார்கள், ஆனால் விண்ணப்பத்தோடு கேட்டால்தான் கிடைக்கும்.

போஸ்டரில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்ற சுருக்கத்தை மாநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்பார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள்: எந்த விலங்கு, என்ன சிக்கல், என்ன செய்தோம், என்ன நடந்தது. பிறகு உங்கள் பூங்காவின் உயிரியலாளரிடம் மொழிபெயர்க்க உதவி கேளுங்கள். மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்கள் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் துறையில் விசாரிக்கலாம், ஒரத்தநாட்டுக்காரர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. உதவியவர் பெயரைப் போஸ்டரில் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 3: விலங்கை ஒப்படைப்பது

மற்ற வேலைக்காரர்கள் மேசையைப் பூட்டிவிட்டுப் போகலாம். நாம் அப்படிப் போக முடியாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே மாற்று ஆளை உங்களோடு கூண்டுச் சுற்றுக்கு அழைத்துப் போங்கள். "அண்ணே, இந்தப் பெட்டை மான் கூட்டத்தோட சேர்ந்து தின்னாது, கொஞ்சம் தள்ளி வைங்க" என்பது போன்ற விவரங்களை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். பூட்டுகளின் வரிசை, மருந்து நேரம், டாக்டரின் எண் மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

படி 4: பையும் பயணமும்

போஸ்டர் அளவு ஏ0 என்று சொன்னால் 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. உயரம். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஃப்ளெக்ஸ் கடையில் அடித்து, மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்கட்டும்.

வண்டலூர் என்றால் வழி சுலபம். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் அங்கிருந்து புறநகர் ரயில். பேருந்தில் போகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

உதிர்ந்த மான் கொம்பையோ, செத்த வண்ணத்துப்பூச்சியையோ காட்டுவதற்காக எடுத்துப் போகவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. படம் போதும்.

படி 5: அரங்கத்தில்

எல்லா உரைக்கும் உட்கார வேண்டியதில்லை. காலையிலேயே நிகழ்ச்சி நிரலில் உங்கள் விலங்கைத் தொடும் உரைகளுக்கு வட்டம் போடுங்கள். தேநீர் நேரத்தில் போஸ்டர் பக்கத்திலேயே நில்லுங்கள், ஆட்கள் வருவது அப்போதுதான். பெயர், ஊர், பார்த்துக்கொள்ளும் விலங்கு, இந்த மூன்றையும் சொன்னால் அறிமுகம் முடிந்தது. தமிழிலேயே கேளுங்கள். வெளிமாநிலத்தவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பார். அங்கே கேள்வி கேட்கும் கீப்பரை மதிக்கிறார்கள்.

படி 6: பூங்காவைச் சுற்றிப் பார்க்கும் நாள்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் பக்கம் வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் அதிகம். கோமாரிக் கிருமி செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகும், மானையும் காட்டெருதையும் பிடிக்கும். கோழி வளர்ப்பவர்கள் பறவைக் காய்ச்சலையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தொழுவத்துக்குப் போட்ட செருப்போடு இன்னொரு பூங்காவுக்குள் நுழையாதீர்கள். துவைத்த துணி, சேறு நீக்கிக் கழுவிக் காயவைத்த ஷூ. வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் தாண்டிப் போகாமல் மிதித்துப் போங்கள். ஷூவில் சேறு ஒட்டியிருந்தால் அந்தக் கரைசல் வேலை செய்யாது. சளி, காய்ச்சல் இருந்தால் குரங்குக் கூண்டுப் பக்கமே வேண்டாம். நம் நோய் அவற்றுக்குத் தொற்றும். உள்ளறைகளைப் படம் எடுக்கும் முன் அங்கே வேலை செய்பவரைக் கேளுங்கள்.

படி 7: திரும்பி வந்ததும்

ஒப்படைத்துப் போன தாளை முதலில் வாங்கிப் பார்த்து, விலங்குகளைச் சுற்றி வாருங்கள். பிறகு தீவன அறையில் எல்லோரும் கூடும் நேரத்தில் கேட்டு வந்ததைச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க ஆசை வரும். டாக்டரிடம் காட்டி, ஒரே ஒரு விலங்கில் தொடங்குங்கள்.

சான்றிதழ் நகலும் பயணச் சீட்டும் அந்த வாரமே அலுவலகத்துக்குப் போகட்டும். எண் வாங்கிய ஆட்களுக்கும் அந்த வாரமே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வெறும் வணக்கமாக இல்லாமல் ஒரு கேள்வியோடு இருந்தால் பதில் வரும்: "அக்கா, மழைக்காலத் தரை பத்திப் பேசினோமே, நீங்க எவ்வளவு உயரத்துக்கு மணல் போட்டீங்க?"