சுப்பர்மார்க்கட்டின் சொந்தப் பொருளா, பெயர்பெற்ற கம்பனியின் பொருளா? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

திருகோணமலை நகரில் மாதச் சாமான் வாங்கச் செல்பவர்கள், ஒரே தட்டில் இரண்டு வகைப் பக்கற்றுகள் அருகருகே இருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஒன்று சிறுவயதிலிருந்தே நாம் அறிந்த கம்பனியின் பெயரைத் தாங்கியது. மற்றையது சுப்பர்மார்க்கட் தன் பெயரிலேயே பொதிசெய்து, பெரும்பாலும் சற்றுக் குறைந்த விலைக்கு விற்பது. மலிவானது தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று சிலரும், உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றுதான் என்று வேறு சிலரும் சொல்வதுண்டு. ஒரு கொப்பியும் சிறிய சமையல் தராசும் இருந்தால், எந்தப் பொருளுக்கு எந்தக் கூற்று பொருந்தும் என்பதை ஒரு மாதத்துக்குள் நாமே கண்டறியலாம்.

படி 1: நான்கு பொருட்களை மட்டும் தெரிவுசெய்யுங்கள்

முழுப் பட்டியலையும் ஒரேயடியாக மாற்றினால் எதில் வேறுபாடு இருந்தது என்று தெரியாமல் போய்விடும். மைசூர்ப் பருப்பு, தேயிலை, மிளகாய்த்தூள், ஜாம் ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதுமானவை. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்மாவை இந்தச் சோதனைக்குள் கொண்டுவர வேண்டாம். அது மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது.

படி 2: பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்

'உற்பத்தி செய்தவர்' என்பதும் 'பொதி செய்தவர்' என்பதும் வேறு வேறு. மைசூர்ப் பருப்பு நம் நாட்டில் விளைவதில்லை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பெருமளவில் வந்து, இங்கே பல பெயர்களில் பொதிசெய்யப்படுகிறது. ஆகவே பருப்பைப் பொறுத்தவரை பக்கற்றில் உள்ள பெயரைவிடப் பருப்பின் சுத்தமும் திகதியுமே முக்கியம். கோதுமை மாவும் இத்தகையதே. நம் சீனக்குடாவில் இருக்கும் பிரிமா ஆலையில் அரைபடும் மா நாடெங்கும் செல்வதை இவ்வூர் மக்கள் நன்கு அறிவார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர் இல்லாத பொருள் அனைத்தும் வெளிக் கம்பனியுடையது என்று எண்ணிவிடக் கூடாது. கார்கில்ஸ் ஃபூட் சிட்டியை நடத்தும் குழுமமே கிஸ்ட் ஜாமையும் கொத்மலை பாற்பொருட்களையும் சந்தைக்கு விடுகிறது. எனவே, கடையின் பொருளா கம்பனியின் பொருளா என்ற பிரிவு சில தட்டுகளில் நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவானதன்று.

உட்சேர்க்கைகள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். ஜாம் போத்தலில் பழம் முதலில் வருகிறதா, சீனி முதலில் வருகிறதா என்று பாருங்கள். பழத்தின் வீதம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஜாமில் விலை வேறுபாட்டுக்குரிய காரணம் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணில் இருக்கும்.

படி 3: 100 கிராமின் விலையைக் கணக்கிடுங்கள்

ஒரு பக்கற் 400 கிராமாகவும் மற்றையது 500 கிராமாகவும் இருக்கும்போது வெறும் விலையை ஒப்பிடுவது நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். விலையை நிறையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, 400 கிராம் 380 ரூபாய் என்றால் 100 கிராம் 95 ரூபாய். 500 கிராம் 440 ரூபாய் என்றால் 88 ரூபாய். கழிவு விலையில் வாங்கியிருந்தால் வழமையான விலையையும் அருகில் குறித்துவையுங்கள். பக்கற்றில் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எவரும் அறவிட முடியாது. அப்படி நடந்தால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

படி 4: பெயரை மறைத்துச் சுவையுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பக்கற்றைப் பார்த்த கண் நாக்குக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால், இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே ஏற்பதில்லை.

தேயிலையில் தொடங்குங்கள். இரண்டு பக்கற்றுகளும் ஒரே தரமாக இருக்க வேண்டும்; அதாவது இலைத் துகளின் பருமனைக் குறிக்கும் பெயர்களான பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பவற்றில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது இலையின் பருமனைத்தான். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை என்ற கணக்கில் இட்டு, இரண்டையும் 6 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். பின்னர் ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளை எடுத்து, இரண்டில் ஒரு தேநீரையும் மூன்றாவதில் மற்றத் தேநீரையும் ஊற்றி, எது வேறுபட்டது என்று வீட்டிலுள்ள ஒருவரிடம் கேளுங்கள். வெறும் ஊகத்தில் சரியாகச் சொல்வதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், ஒருவருடைய விடையை மட்டும் நம்ப முடியாது. நான்கு பேரும் தனித்தனியாகச் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழ 81இல் ஒரு வாய்ப்பே உண்டு; ஆகவே வேறுபாடு உண்மையானது என்று கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருபது வருடங்களாக ஒரே தேயிலையைக் குடித்துவந்த அம்மா, பால் சேர்த்த தேநீரில் வேறுபட்ட கோப்பையைக் கண்டுபிடிக்கவில்லை. வெறுந்தேநீரில் முதல் மிடறிலேயே சுட்டிக்காட்டிவிட்டார். அன்றிலிருந்து பால்தேநீருக்குக் கடையின் தேயிலையும், வெறுந்தேநீருக்குப் பழைய தேயிலையும் வாங்குகிறோம்.

பருப்புக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரே அளவு பருப்பை ஒரே அளவு தண்ணீரில் அவித்து, வெந்த நேரத்தையும், கழுவும்போது அகற்றிய கல், கறுத்த பருப்பு ஆகியவற்றையும் குறித்தால் போதும்.

படி 5: ஒரு சட்டிக் கறிக்கு எவ்வளவு செலவு என்று பாருங்கள்

மிளகாய்த்தூளில் 100 கிராமின் விலை மட்டும் போதாது. ஒரே மீன்குழம்பை இரண்டு நாட்களில் இரண்டு தூள்களாலும் வைத்து, வழமையான உறைப்பு வருவதற்கு எத்தனை கிராம் தேவைப்பட்டது என்று நிறுத்துப் பாருங்கள். கடையின் தூள் 100 கிராம் 180 ரூபாய், கம்பனியின் தூள் 210 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 15 கிராமும் பின்னதில் 12 கிராமும் தேவைப்பட்டால், ஒரு சட்டிக்கு முன்னது 27 ரூபாய், பின்னது 25 ரூபாய் 20 சதம். மலிவாகத் தோன்றிய தூளே இங்கே செலவு கூடியது.

படி 6: பக்கற்றின் அளவைப் பருவத்தோடு பொருத்துங்கள்

இவ்வூரில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடற்காற்றின் ஈரமும் மழையும் சேரும்போது, திறந்த பக்கற்றில் தூள் கட்டிபடும், பிஸ்கற் நமுத்துப்போகும். பெரிய பக்கற்றில் 100 கிராமுக்கு 7 ரூபாய் மீதமாகும் என்று வாங்கி, அதில் கால்வாசியை வீசினால் அந்த மீதம் இல்லாமல் போய்விடும். வீசியதையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். பொதிசெய்பவர் மாறுவதும் உண்டு என்பதால், பின்பக்கத்தில் புதிய பெயரையோ முகவரியையோ கண்டால் அந்தப் பொருளுக்கு மட்டும் நான்காம் படியை மீண்டும் செய்யுங்கள்.