உறைபனிக் காலத்துக்கு எந்தத் துணி?

டிசம்பர், ஜனவரியில் நீலகிரியின் தலைகுந்தா, சாண்டிநல்லா, அவலாஞ்சிப் பக்கம் விடிகாலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பத்து மணி வெயிலில் அதே தோட்டத்தில் மண் கொத்தினால் முதுகு வேர்த்துவிடும். ஒரே நாளில் இரண்டையும் தாங்க வேண்டும் என்பதால், கனத்த ஜெர்கின் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள்.

உடம்புச் சூட்டைக் காப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் ஈரம் புகுந்தால் காப்பு போச்சு. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் முதலில் கழற்ற வேண்டியது பருத்தி பனியனை. வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, வேலையை நிறுத்தியதும் நடுங்க வைப்பது அதுதான். உடம்போடு ஒட்டிய அடுக்காக பாலியஸ்டர் தெர்மல் அல்லது மெல்லிய கம்பளி போதும்.

நடு அடுக்குக்குக் கம்பளி ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ் என்ற பஞ்சு மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணியோ சரி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் ஓரளவு கதகதப்பாகவே இருக்கும். ஆனால் காய நேரமாகும். ஃப்ளீஸ் சீக்கிரம் காயும், காற்றைத் தடுக்காது. பைக்கில் போகிறவர்கள் அதன்மேல் மூன்றாவது அடுக்காக நெருக்கமாக நெய்த விண்ட்சீட்டர் போட்டே ஆக வேண்டும். பிளாஸ்டிக் ரெயின்கோட் காற்றைத் தடுக்கும்தான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மேடேறினால் உள்பக்கம் வேர்வை நீராக வழியும்.

கம்பளி என்று சொல்லி விற்பதில் அக்ரிலிக் நிறைய. ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் பொடியாக நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையானால் செயற்கை இழை.

இறகு அடைத்த ஜாக்கெட் லடாக் மாதிரி வறண்ட கடுங்குளிரில் மிக நல்லது. கொடைக்கானல் மூடுபனித் தூறலில் நனைந்தால் இறகு கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். இங்கே செயற்கைப் பஞ்சு அடைத்ததே மேல். எதுவானாலும் மாதக்கணக்கில் மடித்து அமுக்கி வைக்காதீர்கள், உப்பல் போய்விடும்.

பாதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். விரலை அசைக்க இடம் இருக்கும்படி கனத்த கம்பளி சாக்ஸ் ஒன்று போடுங்கள். பனிப்புல்லில் நடந்தால் ஈரமாகும், மாற்று ஜோடி பையில் இருக்கட்டும்.

நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வேர்க்கும் முன்பே நடு அடுக்கைக் கழற்றுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்குத் தனியாகக் காய்ந்த உடுப்பு வேண்டும்.

ஈரத் துணியைக் காய வைக்கவோ குளிர் காயவோ கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். துணியை வெயில் வரும் பக்கம் கட்டிய கொடியில் போடுங்கள். கம்பளியை மட்டும் தொங்கவிடாமல், துண்டில் சுருட்டிப் பிழிந்து பாயில் பரப்புங்கள்.