திங்கட்கிழமை வயிற்றுவலி: பள்ளி மாணவரின் பதற்றத்தைக் கண்டறிந்து கையாளும் முறை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி. பள்ளிக்குப் போகவேண்டாம் என்றதும் பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. ஞாயிறும் கோடை விடுமுறையும் வலியே இல்லாமல் கழிகின்றன. மூன்றும் சேர்ந்து வந்தால் பதற்றம் இருக்குமோ என்று பார்க்கவேண்டும். நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயந்த உடலில் அட்ரினலின் சுரக்கும், செரிமானம் தடுமாறும், குடல் இறுகும். குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கிறது.

சின்னப் பிள்ளைகள் 'பயமா இருக்கு' என்று சொல்வது அபூர்வம். வயிறு வலிக்குது, தலை வலிக்குது, வாந்தி வருது, ஒன்னுக்கு வருது என்றுதான் சொல்வார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் அது எரிச்சலாக மாறும். எடுத்தெறிந்து பேசுவது, படிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது, எழுதியதை அழித்து அழித்து எழுதுவது, 'சரியா மிஸ்?' என்று வரிக்கு வரி கேட்பது, வாய்விட்டு வாசிக்கும் முறை நெருங்கும்போது கழிவறைக்கு அனுமதி கேட்பது என்று பல வடிவங்களில் வெளிப்படும். வகுப்பில் வாயே திறக்காத, யாருக்கும் தொல்லை தராத பிள்ளையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். 'ரொம்ப நல்ல பொண்ணு' என்று பெயர் வாங்கியவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு பத்தி போடுங்கள்: நாளும் நேரமும், அடுத்து என்ன நடக்க இருந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, கடைசியில் என்ன ஆனது. நான்காவது பத்திதான் முக்கியம். 'லீவு போட்டாள்', 'அம்மா ஸ்கூலில் பேசினாள்', 'சார் வேறு பையனை வாசிக்கச் சொன்னார்' என்று அதில் திரும்பத் திரும்ப வந்தால், பதற்றம் எதனால் வளர்கிறது என்பது தெரிந்துவிடும். பயந்ததிலிருந்து விலகியதும் உடனே நிம்மதி கிடைக்கிறது. 'விலகியதால்தான் தப்பித்தேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக வருகிறது. திட்டுவதால் எவ்வளவு கெடுகிறதோ, பரிதாபப்பட்டு ஒவ்வொரு முறையும் காப்பாற்றுவதாலும் அவ்வளவு கெடுகிறது.

இதற்கிடையே இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். முதலாவது உடல்நலம். ரத்தசோகை, தைராய்டு, வீசிங் ஆகியவையும் படபடப்பு தரும்; மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. இரண்டாவது, நிஜமான ஆபத்து ஏதாவது இருக்கிறதா என்பது. வேனில் யாராவது தொடுகிறார்களா, பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா, ஒரு ஆசிரியர் அடிக்கிறாரா? கழிவறையில் தாழ்ப்பாள் இல்லாததால், மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போகவே பெண் பிள்ளை நடுங்குகிறாளா? அப்படியானால் குழந்தைக்குத் தைரியம் சொல்லிக்கொடுப்பது அநியாயம். மாற வேண்டியது அந்தச் சூழல். பிள்ளைகளை அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.

வகுப்பிலேயே மூச்சு முட்டும்போது

பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால்தான் விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. 'செத்துப்போயிடுவேன் போலிருக்கு' என்று அந்தப் பிள்ளை சொல்வது மிகையில்லை, அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது. இந்த நேரத்தில் பலரும் சொல்வது 'நல்லா மூச்சை இழு'. அதனால் தலைசுற்றல்தான் கூடும். வெளியே விடுவதைத்தான் நீட்ட வேண்டும்.

கூட்டத்தைக் கலைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, குறைவாகப் பேசுங்கள். 'உடம்பு பயந்திருக்கு கண்ணு. கொஞ்ச நேரத்துல தணிஞ்சிடும். நான் இங்கேயே இருக்கேன்.' இவ்வளவு போதும். பிறகு நீங்களே செய்து காட்டுங்கள்: மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. மூன்று முதல் ஐந்து நிமிடம் செய்யலாம். எண்ண முடியாத அளவு பதறினால், பாதம் இரண்டையும் தரையில் அழுத்தச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைக் கேளுங்கள். வாயில் பாலித்தீன் பையோ காகிதப் பையோ வைக்கவே கூடாது. வீசிங் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்து இறங்கத் தொடங்கும். இறங்கியதும் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, முடிந்தால் அதே பீரியடில் வகுப்புக்குத் திரும்பட்டும். வீட்டுக்குப் போன் போட்டு அழைத்துப் போகச் சொல்வதுதான் பள்ளிகள் வழக்கமாகச் செய்வது, மறுநாள் பிள்ளை வராமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. ஆனால் முதல் முறையாக வருகிற நெஞ்சுவலி, மயங்கி விழுதல், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் நேராக மருத்துவமனைதான்.

இந்த மூச்சுப் பயிற்சியைப் பதற்றம் வந்த பிறகு முதன்முதலாகக் கற்றுத்தர முடியாது. அமைதியாக இருக்கும் நேரத்தில், காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று நிமிடம், வகுப்பு முழுவதற்கும் தினமும் நடத்துங்கள்.

படிப்படியாக ஏறுவது

மூச்சுப் பயிற்சி பதற்ற அலையைத் தணிக்கும், அவ்வளவுதான். பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப் பழகினால்தான் பதற்றம் நிரந்தரமாகக் குறையும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை அவளையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

1. வீட்டில் அம்மாவுக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டுவது (2)
2. இடைவேளையில் தோழி ஒருத்தியிடம் வாசிப்பது (3)
3. காலி வகுப்பில் ஆசிரியருக்கு மட்டும் வாசிப்பது (5)
4. தன் இடத்தில் உட்கார்ந்தபடியே வகுப்புக்கு இரண்டு வரி, முன்கூட்டியே சொல்லிவைத்து (6)
5. எழுந்து நின்று ஒரு பத்தி (8)
6. முன்னறிவிப்பு இல்லாமல் அழைக்கும்போது வாசிப்பது (9)

வாரத்தில் நான்கைந்து முறையாவது செய்யவேண்டும். ஒரு படியின் மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்ததுக்குப் போகலாம். சில படிக்கு இரண்டு நாள் போதும், சிலதுக்கு மூன்று வாரம் ஆகும்.

இது தோற்பதற்கான காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். அவசரப்பட்டு இரண்டாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்குத் தாவுவது. பயம் உச்சத்தில் இருக்கும்போது 'பரவாயில்ல, உட்காரு' என்று விட்டுவிடுவது (இரண்டு வரி என்றால் இரண்டு வரி முடியட்டும், குரல் நடுங்கினாலும் சரி). தடுமாறிய பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது ஆசிரியர் சும்மா இருப்பது. நன்றாக வாசித்ததற்கு மட்டும் பாராட்டுவது. பாராட்ட வேண்டியது எழுந்து நின்றதை. விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, கடைசிப் பெயர் வரை உரக்கப் படித்துக் கொடுக்கிற வகுப்பில் எந்தப் படியும் பலன் தராது. அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடலாம்.

திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி

'ஃபெயில் ஆயிட்டா என்னம்மா பண்றது?' என்று ஒரே மாலையில் பத்து முறை கேட்கும் பிள்ளைக்குப் பத்து முறை 'ஆக மாட்டே' என்று சொல்லாதீர்கள். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஒருமுறை நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: 'ஒரு பாடம் போனா அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு. எழுதலாம்.' அடுத்த முறை, 'இதுக்குப் பதில் உனக்கே தெரியும், சொல்லு பார்ப்போம்.' மாலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் கவலைப்படவென்றே ஒதுக்குங்கள். அதுவரை வரும் கவலையை ஒரு வரியில் எழுதி ஒதுக்கி வைக்கட்டும். நேரம் வந்ததும் எடுத்து, நம்மால் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரிக்கட்டும். படுக்கப்போகும் நேரத்தில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வறை

பிளஸ் டூ பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்ததும் வாசிக்கப் பத்து நிமிடம் உண்டு. பதறும் மாணவரின் கண் தெரியாத கேள்விக்குத்தான் முதலில் போகும். அதனால் தெரிந்த ஐந்து கேள்வியை முதலில் தேடும் பழக்கத்தை மாதிரித் தேர்வுகளிலேயே உண்டாக்குங்கள். எல்லாம் மறந்துபோனது போலிருந்தால் பேனாவைக் கீழே வைத்து, மூன்று முறை நீளமாக மூச்சை விட்டு, தெரிந்த விடையை வினா எண் போட்டு எழுதத் தொடங்கட்டும். எழுத எழுத மற்றவை நினைவுக்கு வரும். வீட்டில் மெத்தையில் சாய்ந்து மாதிரித்தேர்வு எழுதுவதால் பயனில்லை. மேசை, நாற்காலி, கைக்கடிகாரம், முழு மூன்று மணி நேரம் என்று எழுதவேண்டும். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவு காபி போட்டுக் கொடுத்து விழிக்க வைப்பது மறுநாள் படபடப்பைத்தான் கூட்டும்.

வெளி உதவி எப்போது

இரண்டு வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை, சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டது, நண்பர்களையும் விட்டுவிட்டார் என்றால் காத்திருக்க வேண்டாம். 'செத்துப்போயிடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். 'ஆமாம்' என்றாலோ, உடம்பில் கீறிய தழும்பு தெரிந்தாலோ, தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் விருப்பம். கட்டிவிட்டு மருத்துவரிடமும் போங்கள். பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையில் தொடங்குவார்கள், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். அந்த நான்கு பத்தி நோட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

விடுப்பு நீண்டிருந்தால், திரும்பும் முதல் நாளை வகுப்பாசிரியருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: எத்தனை பீரியட், யார் பக்கத்தில் இடம், பதறினால் எந்த அறையில் எத்தனை நிமிடம் இருக்கலாம். 'ஏன் இத்தனை நாள் வரலை?' என்று வகுப்பின் முன் யாரும் கேட்கக்கூடாது. விட்டுப்போன நோட்டுகளை முதல் வாரம் கேட்கவேண்டாம்.