கப்பல் டூர் போகிறவர்களுக்கு: பேட்டா வேறு, டிப்ஸ் வேறு

குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அதற்கு முன் ஏழு வருடம் பயணிகள் கப்பலில் கேபின் வேலை பார்த்தேன், அதாவது ரூம் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பது, டவல் மாற்றுவது. இது தெரிந்தவர்கள் கப்பல் டூர் புக் பண்ணியதும் எனக்குப் போன் போடுவார்கள். எவ்வளவு ஆகும், வாந்தி வருமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி "அந்த டிப்ஸ் கட்டாயமா?" என்பார்கள். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்ஜெட் அங்கேதான் இடிக்கும்.

மதுரை, ராமேஸ்வரம் என்று இரண்டு நாளுக்கு வண்டி பேசினால் கிலோமீட்டர் காசு தனி, டிரைவர் பேட்டா தனி. பேட்டாவை நாம் டிப்ஸ் என்று நினைப்பதில்லை. அது அவருக்குச் சேர வேண்டியது, பேசும்போதே கணக்கில் வந்துவிடுகிறது. ஊர் திரும்பியதும் பிரியப்பட்டு நூறு இருநூறு கையில் கொடுக்கிறோமே, அதுதான் டிப்ஸ். கப்பலிலும் இதே கதைதான். பில்லில் கிராஜுவிட்டி என்று தினமும் ஏறுவது பேட்டா. நீங்களாகக் கையில் கொடுப்பது டிப்ஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அத்தனை சண்டையும் வருகிறது.

கிராஜுவிட்டி என்ற சொல்லே நம் பக்கம் குழப்பம்தான். எஸ்டேட்டிலோ அருவங்காடு ஃபேக்டரியிலோ வேலை பார்த்தவர்களுக்கு அது ரிட்டயர் ஆகும்போது கைக்கு வரும் தொகை. கப்பலில் அப்படி இல்லை. பயணி ஒருவருக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிறுவனமே உங்கள் கணக்கில் எழுதிவிடும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரண கேபினுக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இருக்கும், சூட் என்கிற பெரிய அறை எடுத்தால் இன்னும் கூடும். குழந்தைக்கும் பெரும்பாலும் உண்டு, கைக்குழந்தையைச் சில நிறுவனங்கள் விட்டுவிடும். சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு, வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 18 டாலர் என்று வையுங்கள். 288 டாலர், நம் காசுக்கு 25,000 ரூபாய்க்குக் கிட்ட வரும். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக ஏறியவர், கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் செருகியிருக்கும் பில்லில் இதைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதனால் ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: இந்த விலையில் கிராஜுவிட்டி சேர்ந்திருக்கிறதா, வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் தனியா? பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே கட்டும் வசதி இருந்தால் கட்டிவிடுங்கள், கப்பலில் இருக்கும்போது அந்த நினைப்பே வராது. எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் கிடையாது. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-ல் தினசரி சர்வீஸ் கட்டணத்தை எடுத்துவிட்டது, வேறு சில நிறுவனங்களில் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பாரில் வாங்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாக 18 முதல் 20 சதவீதம் சேர்ப்பவர்களும் உண்டு. அந்த ரசீதிலேயே கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலிக் கோடு இருக்கும். அதை நிரப்பத் தேவையில்லை.

சரி, அந்தப் பணம் யாருக்குப் போகிறது? கேபின் ஆட்கள், சாப்பாட்டு ஹாலில் பரிமாறுபவர்கள், அவர்களின் உதவியாளர்கள், பல கப்பல்களில் உங்கள் கண்ணிலேயே படாத சலவைக்காரர்கள், சமையலறை ஆட்கள் வரை. கப்பலின் கீழ்த்தளத்தில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே நீட்டாக ஒரு நடை ஓடும். ஊழியர்கள் அதை ஐ-95 என்பார்கள், அமெரிக்காவின் ஒரு நெடுஞ்சாலைப் பெயர். காலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் சலவை வண்டி, காய்கறிப் பெட்டி, குப்பை மூட்டை, பாதித் தூக்கத்தில் யூனிஃபார்ம் பொத்தானைப் போட்டபடி ஓடும் பையன்கள் என்று மாட்டுப்பொங்கல் சந்தை மாதிரி இருக்கும். எனக்கு 18 கேபின், காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. 2006-ல் வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அது இருப்பதால்தான் தூங்கவாவது முடிகிறது.

பில்லில் ஏறிய கிராஜுவிட்டியை வேண்டாம் என்று எடுக்கச் சொல்லும் உரிமை பல நிறுவனங்களில் பயணிக்கு உண்டு. ஒரு முறை என் கேபின்களில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம், நல்ல மனிதர்கள், தினமும் வாய் நிறையப் பேசுவார்கள். கடைசி இரவு கவுண்டருக்குப் போய் மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை என் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கொடுத்த தாளில் அந்த மூன்று கேபின் நம்பரும் இருந்ததை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அவர்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. அது என் சம்பளத்தின் ஒரு பகுதி என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன். சேவையில் குறை இருந்தால் இரண்டாம் நாளே சொல்லுங்கள், மேலதிகாரி வந்து சரி செய்வார், ஆளையே கூட மாற்றுவார். ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு கடைசி ராத்திரி காசில் கை வைத்தால் குறை செய்தவரோடு சேர்த்து, எந்தத் தப்பும் செய்யாத சலவைக்காரருக்கும் வர வேண்டியது போய்விடும்.

இனி மலையிலிருந்து கிளம்புகிற விஷயம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. பயணிகளை ஏற்றும் நேரம் முடிந்தால் கப்பலில் ஏறும் நடைபாலத்தை எடுத்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடுவது நமக்குப் புதிதில்லை, மே சீசனில் குன்னூர் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டால் கணக்கு எல்லாம் மாறும். ஆகவே ஒரு நாள் முன்னாடியே இறங்கிவிடுங்கள். சென்னைக் கப்பல் என்றால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல். ஆனால் கப்பல் ஏறும் அதே நாள் காலையில் போய் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். முந்தின நாளே போய் ஒரு இரவு தங்குங்கள். சென்னையிலிருந்து கார்டிலியாவின் எம்பிரஸ் கப்பல் முதன்முதலில் 2022 ஜூனில் கிளம்பியது. அங்கிருந்து வருடம் முழுக்க ஓடாது, சில மாதங்கள் மட்டும்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பி வந்து இறங்குகிற பயணம் என்றால், நடுவில் வேறு நாட்டுக்குப் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவா என்று ஏஜெண்டிடம் அழுத்திக் கேளுங்கள்.

ஸ்வெட்டரைக் கடலுக்கு எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கப்பலுக்குள் ஏசி, தியேட்டரில் உட்கார்ந்தால் ஊட்டி ஜனவரி மாதிரி இருக்கும். வாந்தியைப் பொறுத்தவரை, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் அசராதவர்கள்கூடக் கடலில் படுத்துவிடுவார்கள், அதனால் அந்த நம்பிக்கை வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. அவோமின் மாதிரி மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள்.

ஏறின முதல் நாள் கூட்டமும் குழப்பமும்தான். மதியம் வரை கேபின் கிடைக்காது, எல்லோரும் பஃபேயில் நிற்பார்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்று உடுப்பு எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். அவசரகால ஒத்திகைக்குக் கூப்பிடுவார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கிளம்பும் முன்பு, அல்லது கிளம்பியவுடன் ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல். அந்தச் சத்தத்தைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் கப்பலுக்குள் இருக்கும் சூழ்நிலை. அது நீங்கள் எந்தக் கப்பல் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியப் பயணிகள் நிறைய இருக்கும் கப்பலில் ராத்திரி முழுக்கப் பாட்டு, டான்ஸ், லிஃப்ட்டில் குழந்தைகள், மேல்தளத்தில் கல்யாண வீட்டுக் களை. வெளிநாட்டவர் அதிகம் இருக்கும் கப்பலில் சாப்பாட்டு ஹாலில்கூட மெல்லத்தான் பேசுவார்கள். துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போன பிறகுதான் கடைகளும் கேசினோவும் திறக்கும். ஒரு நாள் எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் டின்னர் இருக்கும், அதற்குப் பட்டுப்புடவையும் வேட்டி சட்டையும் தாராளமாகப் போதும், கோட் வாங்கி ஓட வேண்டாம். அமைதி வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு மேல்தளத்துக்குப் போங்கள். நம் ஊர்க்காரர்கள் எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவோம். ஈரத்தளத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார், வேறு ஆளே இருக்காது, கடல் முழுக்க உங்களுக்குத்தான். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். சட்டையில் பெயரும் நாடும் எழுதியிருக்கும். தமிழ்ப் பையனாக இருந்தால் "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும்.

கையில் கொடுக்கிற டிப்ஸுக்கு வருவோம். இது முழுக்க உங்கள் இஷ்டம். கிராஜுவிட்டி கட்டியிருந்தால் இதைக் கொடுக்காவிட்டாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மனசுக்குத் தோன்றினால் நான் சொல்லும் அளவு: நான்கைந்து இரவுப் பயணத்துக்குக் கேபின் ஆளுக்கு 10 முதல் 20 டாலர், தினமும் ஒரே மேஜையில் பரிமாறியவருக்கு அதே அளவு, அவருடைய உதவியாளருக்கு அதில் பாதி. இந்தியக் கப்பலில் ரூபாயாகவே கொடுக்கலாம், 500 என்பது நல்ல தொகை. ராத்திரி ரூமுக்குச் சாப்பாடு கொண்டு வந்தால் இரண்டு மூன்று டாலர். கேப்டன், அதிகாரிகள், டாக்டர், மேடையில் பாடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் கொடுக்கும் வழக்கம் இல்லை.

டாலர் நோட்டாக இருக்கட்டும், சில்லறைக் காசு வேண்டாம். வேறு நாட்டில் காயினை யாரும் மாற்றித் தர மாட்டார்கள், என்னிடம் ஒரு டப்பா நிறைய அப்படிச் சேர்ந்திருந்தது. கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது, மடித்து மடித்து நைந்தது வேண்டாம். கிளம்பும் முன்பே கோவையில் அங்கீகாரம் பெற்ற பணமாற்று நிலையத்தில் ஐந்தும் பத்துமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவருக்கு நம் குன்னூர் மவுண்ட் ரோட்டில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் மொய் கவர் போதும். அதிலேயே ஒரு ரூபாய் ஒட்டியிருக்கும், அந்த ஒரு காயின் மட்டும் பரவாயில்லை. மேலே அந்த ஆளின் பெயரை எழுதுங்கள்.

பணத்தோடு சேர்ந்து ஒன்று செய்யலாம், பைசா செலவில்லை. பயணம் முடிந்ததும் நிறுவனம் கருத்துக் கேட்டு அனுப்பும். அதில் "எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள்" என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. பெயரைப் போட்டு, என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். எங்களுக்கு அது அடுத்த ஒப்பந்தத்திலும் பதவி உயர்விலும் வந்து நிற்கும்.

கடைசி இரவு, பதினொரு மணிக்குள் பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பும் ஸ்வெட்டரும் பாஸ்போர்ட்டும் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள், பைஜாமாவோடு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவரை அன்று சாயங்காலமே, சாப்பிடப் போகும் முன் கொடுத்துவிடுங்கள். அருவங்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அப்படித்தான் கதவருகே நிறுத்தி, கவரோடு பிரிக்காத ஒரு ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தையும் கையில் வைத்தார். "நீ ஊருக்குப் போய் எத்தனை மாசம் ஆச்சு கண்ணு?" என்றார். ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று இரவு நாங்கள் நான்கு பேர் கீழே படுக்கையில் உட்கார்ந்து, டீயில் தோய்த்துத் தோய்த்து அந்தப் பொட்டலத்தைக் காலி செய்தோம். காலையில் கொடுக்கலாம் என்று அவர் வைத்திருந்தால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது. நீங்கள் இறங்கி நான்கைந்து மணி நேரத்தில் அடுத்தவர்கள் ஏறிவிடுவார்கள், அதற்குள் 18 கேபின் படுக்கையும் விரித்தாக வேண்டும்.