அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் விளையாட்டுக்கான ஃபெலோஷிப்: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

சிறப்புப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பி.டி. ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், சிறப்பு ஆசிரியர்கள் என்று யாராவது வருஷா வருஷம் தங்கள் ஃபெலோஷிப் (செலவை ஏற்றுக்கொண்டு பயிற்சிக்கு அழைக்கும் திட்டம்) விண்ணப்பத்தை அனுப்பி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க என்று கேட்பார்கள். அவற்றை வாசித்து வாசித்து எனக்குப் புரிந்தது, ஆங்கிலம் தடுமாறியதால் விழுந்தவை கொஞ்சம்தான், தான் தினமும் நிற்கிற மைதானத்தையே சரியாகச் சொல்லத் தெரியாமல் விழுந்தவைதான் அதிகம்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸையும் பாராலிம்பிக்ஸையும் ஒன்றாக்கி எழுதுவதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். இரண்டும் வேறு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடப்பது, பாராலிம்பிக்ஸ் பெரும்பாலும் உடல், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இருப்பது தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மூன்றுதான், அதிலும் சில பிரிவுகள் மட்டும். 2000 சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி குறைபாடே இல்லாதவர்களைச் சேர்த்துத் தங்கம் வாங்கியது வெளியே வந்து, இந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். 2012 லண்டனில்தான் திரும்பச் சேர்த்தார்கள். யாரோ செய்த மோசடிக்கு, உண்மையாகப் பயிற்சி எடுத்தவர்கள் அத்தனை வருஷம் காத்திருந்தார்கள். அந்தக் கதவு திறந்ததால்தான் தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 2024 பாரிஸில் டி20 (அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தடகளப் பிரிவு) 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்க முடிந்தது.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968-ல் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் சிகாகோவில் தொடங்கியது. 8 வயதாகிவிட்டால் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. திறமை அதிகமோ குறைவோ எல்லோருக்கும் இடம் உண்டு. அது எப்படி நடக்கிறது என்றால் டிவிஷனிங்கால். முதலில் ஒரு சுற்று ஓடவிட்டு, வயது, பாலினம், எடுத்த நேரம் பார்த்து, கிட்டத்தட்ட ஒரே திறமை உள்ளவர்களை ஒரே பிரிவில் போடுவார்கள். வேண்டுமென்றே மெதுவாக ஓடி எளிய பிரிவில் நுழைவதைத் தடுக்க, முதல் சுற்றில் காட்டியதைவிட இறுதியில் வேகம் குறித்த அளவுக்கு மேல் கூடினால் தகுதி நீக்கம் வரை போகலாம்.

ஒரு போட்டியில் காலைச் சுற்றுக்கு முன்னால் ஒரு பயிற்றுநர் தன்னிடம் பயிற்சி எடுக்கும் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்ப மெதுவா ஓடு, மதியம் வேகமா ஓடு என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பையனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் பிடிபடும், அதுவும் அந்தப் பயிற்றுநருக்குத் தெரியும். காலையில் வேகமாக ஓடினான், மதியம் கோட்டுக்குப் பாதி வழியில் நின்று அவரையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்னமும் அது ஆறவில்லை. டிவிஷனிங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் 'நியாயமான போட்டியை உருவாக்குவேன்' என்று எழுதும்போது தேர்வுக் குழு நம்பாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் சொற்கள். 'மனநோயாளி' என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள், அது முற்றிலும் வேறு விஷயம். முப்பது வயது ஆளைக் 'குழந்தை' என்பது, 'பாவம்', 'தெய்வக் குழந்தைகள்' என்பதெல்லாம் அன்பில் வருகிற சொற்கள்தான், ஆனால் படிப்பவருக்கு அங்கே ஒரு விளையாட்டு வீரர் தெரியமாட்டார். அவர் எத்தனை வாரம் பயிற்சி எடுத்தார், எவ்வளவு நேரம் குறைத்தார் என்று எழுதுங்கள்.

திட்டப் பகுதியில் எல்லோரும் கருவிகள் வாங்க ஆசைப்படுகிறார்கள். நான் பார்த்ததிலேயே நன்றாக வேலை செய்தது, ஒரு கயிற்றில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்ட நாலு படங்கள்: ஷூ, ஓடுகிற ஆள், பந்து, தண்ணீர் பாட்டில். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவர்களே கழற்றிப் பெட்டியில் போடுவார்கள். அடுத்தது என்ன என்ற பதற்றம் அதோடு போய்விடும். இந்த மாதிரி ஒரு முறையை நாலு பள்ளிகளுக்குக் கொண்டுபோவேன் என்று எழுதினால் அது திட்டம். அதற்கு முன் விளையாடுபவர்களிடமே கேளுங்கள். என்ன வேணும் என்று ஓர் அக்காவிடம் கேட்டதற்கு 'பஸ்' என்றார். மைதானம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. பெற்றோர், பள்ளி, நான் யாருமே அதை எழுதியிருக்கவில்லை.

உடல்நலத்தை விட்டுவிடாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். டைவ் அடித்துக் குளத்தில் குதிப்பதும் ஜிம்னாஸ்டிக்ஸில் குட்டிக்கரணம் போடுவதும் அவர்களுக்கு ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. மருத்துவப் பரிசோதனை எப்போது, யார் செய்வார்கள் என்று இல்லாத திட்டத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் யூனிஃபைட் ஸ்போர்ட்ஸை எழுதுபவர்கள், கூட ஆடும், குறைபாடு இல்லாத பார்ட்னரை உதவியாளராக்கிவிடுகிறார்கள். அவரும் ஆட்டக்காரர்தான். அதேபோல் பந்தை அவரே எல்லா நேரமும் வைத்துக்கொண்டாலும் தப்பு.

கடைசியாக, காகித வேலை. எல்லா ஃபெலோஷிப்புக்கும் நேராக விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை டென்னசி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திவந்த குளோபல் ஸ்போர்ட்ஸ் மென்டரிங் புரோகிராமில் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்கென்று ஒரு பிரிவு இருந்தது, அதற்குத் தூதரகங்கள்தான் ஆளைப் பரிந்துரைத்தன. அரசு பணத்தில் நடப்பவை பட்ஜெட்டைப் பொறுத்து மாறும், அதனால் போன வருஷ அறிவிப்பை நம்பி உட்காராமல் இந்த வருஷம் நடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்க அரசு செலவில் ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டங்களுக்கான விசா) போனால், திரும்பி வந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் எச்-1பி மாதிரி வேலை விசாவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ (கிரீன் கார்டு) கேட்க முடியும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். அங்கேயே வேலை தேடிக்கலாம் என்ற நினைப்பில் போகிறவர்கள் இதை முன்னாடியே தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியிடம் விடுப்புக் கடிதமும், நீங்கள் இல்லாத வாரங்களில் பயிற்சியை யார் எடுப்பார் என்பதும் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். தேர்வான பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு தோழிக்கு, கிடைத்த இடம் அதனாலேயே கைவிட்டுப் போனது.