நாய் வளர்ப்பும் சட்டமும்: தோட்டப்புற ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம வீட்டு நாய் நாட்டு நாய்தானே, பிட்புல்லா என்ன?" மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) இந்தப் பேச்சு சகஜம். பல தவறுகளுக்கு மூலமே இதுதான். நாயால் யாருக்காவது உயிராபத்தோ பலத்த காயமோ வரக்கூடும் என்றிருக்கும்போது, தெரிந்தோ கவனமில்லாமலோ அதைத் தடுக்காமல் விட்டவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்தப் பிரிவில் நாய் இனத்தின் பெயரே கிடையாது. வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் அது பொருந்தும்.

இனப் பட்டியல் ஒன்று இருப்பது உண்மை. கால்நடைச் சேவை இலாகா இறக்குமதிக்காக வைத்திருக்கும் பட்டியல் அது. பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர் டெரியர், அமெரிக்கன் புல்டாக், நியாபொலிட்டன் மாஸ்டிஃப், ஜப்பானியத் தோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகியவற்றுக்குத் தடை. ராட்வைலர், டோபர்மேன், அல்சேஷன், புல் டெரியர், புல்மாஸ்டிஃப் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு. உள்ளூரில் பிறந்த குட்டிதானே, இறக்குமதிச் சட்டம் நம்மை என்ன செய்யும் என்று நினைப்பது அடுத்த தவறு. நாய் வளர்ப்பு உரிமம் நகராண்மைக் கழகத்தின் கையில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கழகமும் தன் துணைச்சட்டத்தைத் தானே எழுதுகிறது. எந்த இனம் கூடாது, ஒரு வீட்டுக்கு எத்தனை நாய் என்பதெல்லாம் கழகத்துக்குக் கழகம் மாறும். சுங்கை சிப்புட் கோலாகங்சார் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரர் சொன்ன விதியை நம்பி இங்கே குட்டி வாங்காதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குட்டியின் படத்தோடு உரிமப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். கலப்பினம் என்றால் இது இன்னும் முக்கியம். விற்பவர் "மிக்ஸ்" என்று சொன்னாலும் அதிகாரி நாயின் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடும். வம்சாவளிச் சான்றிதழ் உரிமம் ஆகாது.

உரிமம் எடுக்கும்போது அடையாள அட்டை, முகவரிக்கான சான்று, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்கும் கழகங்களும் உண்டு. லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கம்பெனிச் சொத்து என்பதால் தோட்ட மேனேஜரின் அனுமதிக் கடிதத்தையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். ஆனால் மேனேஜர் சரி சொன்னதே உரிமம் ஆகிவிடாது. உரிமத்தோடு தரும் அடையாள வில்லையை நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். அலமாரியில் இருக்கும் வில்லை நாய்பிடிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. துணைச்சட்டத்தை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் போடலாம்.

அதிகம் கோட்டை விடுவது வேலியில்தான். இங்கே பெய்கிற மழைக்குக் கம்பிவலை அடியில்தான் முதலில் துருப்பிடிக்கும். நாய் தோண்டுவதும் அதே இடத்தில்தான். வேலியின் அடியில் கல் அடுக்கி சிமெண்ட் பூசுங்கள். பெரிய நாய்க்கு 6 அடி உயரம் வேண்டும். கேட் உள்பக்கம் திறப்பதாகவும், விட்டால் தானே கொக்கி விழுவதாகவும் இருக்கட்டும். வெளிப்பக்கம் திறக்கும் கேட்டை நாய் முட்டித் தள்ளிவிடும். சின்னப் பிள்ளையின் கை நுழையும் இடைவெளி இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் நெருக்கமான வலை அடியுங்கள். நாள் முழுக்க ஒரே கம்பத்தில் கட்டிப் போடுவதைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட இடமில்லாத நாய் பயந்தால் கடிப்பதைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை. அந்தச் சங்கிலி அறுகிற நாள்தான் ஆபத்து. வெளியே கூட்டிப்போகக் கயிறோடு கூண்டு மாதிரியான வாய்க்கூடும் வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை போட்டால் நாயால் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது. நம்ம வெயிலில் சூடேறி விழுந்துவிடும். "அவாஸ் அஞ்சிங்" (மலாயில் 'நாய் ஜாக்கிரதை') பலகை மாட்டியிருந்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது.

கடித்துவிட்டால் செய்யும் தவறுகள் உயிரையே எடுக்கும். காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்; பிறகு அன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சின்னக் கீறல் என்று விடாதீர்கள். 2015-இல் வட மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. அறிகுறி வந்தபின் அதற்கு வைத்தியம் கிடையாது. பணம் கொடுத்துப் பேசி முடித்துக்கொண்டு, கோபத்தில் நாயை அடித்துப் புதைப்பது எல்லாவற்றையும் விட மோசம். கடித்த நாயை உயிரோடு அடைத்து வைத்துக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 10 நாள் கண்காணிப்பில் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இல்லை என்று உறுதியாகும். நாய் செத்துப்போனால் மூளையைச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்வார்கள். புதைத்துவிட்டால் கடிபட்டவரின் வைத்தியர் எதை நம்பி முடிவெடுப்பார்?

தெருநாய்த் தொல்லைக்கு, சோற்றில் மருந்தடிக்கும் விஷத்தைக் கலந்து வைப்பது பழைய வழக்கம். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் இதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அந்தச் சோற்றைப் பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும், தவழும் பிள்ளையும் எடுக்கும். நாய்கள் கூடும் இடம், நேரம், படம் ஆகியவற்றோடு கழகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைத் தொடர்ந்து கேட்க முடியாது.