அட்டை எண்ணைவிடச் சிங்பாஸைப் பத்திரமாக வையுங்கள்

அடையாள அட்டை எண்ணை யாராவது கேட்டால் நம்மில் பலர் பதறிப்போகிறோம். சிங்கப்பூரில் அரசாங்க, வங்கிச் சேவைகளுக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் நுழையத் தெரியவில்லை என்றால் மட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் கைத்தொலைபேசியை நீட்டிக் கடவுச்சொல்லையும் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதுதான் மிகப் பெரிய தவறாகத் தெரிகிறது.

2024 டிசம்பரில், நிறுவனப் பதிவு விவரங்களைத் தேடும் அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் முழு அட்டை எண்களும் தெரிந்தபோது எழுந்த கவலை நியாயமானதே. அப்போது அரசாங்கம் தந்த விளக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த எண் நாம் யார் என்று சொல்ல மட்டுமே. பேசுவது நாம்தான் என்பதற்கு அது ஆதாரமாகாது. அதனால் அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அழைப்பவர் உங்கள் பெயரையும் எண்ணையும் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக அவரை அதிகாரி என்று நம்பிவிடவும் வேண்டாம்.

சிங்பாஸ் அப்படியல்ல. அது கைமாறினால் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், தொலைபேசி எண் வாங்கலாம். அப்புறம் யாரோ பறிகொடுத்த பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலிஸ் உங்களைத்தான் தேடி வரும். "தம்பி, ஒரு கணக்குதானே, 200 வெள்ளி தர்றேன்" என்று ஊழியர்களிடம் ஆசை காட்டுபவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தும் சிங்பாஸ் விவரங்களைக் கொடுப்பது 2024 முதல் சட்டப்படி குற்றம். வேறொருவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டைச் சிங்பாஸ் செயலியால் ஸ்கேன் செய்வதும் ஆபத்துதான். கருத்தாய்வு, பரிசுக்கூப்பன் என்று காரணம் சொல்வார்கள். நீங்கள் ஒப்புதல் தந்ததும் உங்கள் பெயரில் உள்ளே நுழைவது அவர்கள்.

குறுஞ்செய்தி இணைப்புகளைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிச் செய்திகளை நம்பிச் சுமார் 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். அந்தச் செய்திகள் வங்கியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே வந்து நின்றன. கவனமாக இருந்தவர்களும் ஏமாந்தது அதனால்தான். அதற்குப் பிறகு வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டன. ஆகவே வங்கி பெயரில் இணைப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம், தொடாதீர்கள்.

தொலைபேசியில் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பணம் அனுப்பச் சொன்னாலும், வங்கிக் கடவுச்சொல் கேட்டாலும், ஏதோ செயலியைப் பதிவிறக்கச் சொன்னாலும் பாதியிலேயே வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று நம் பெரியவர்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். அம்மா அப்பாவிடம் இதை ஒரு முறைக்கு இரு முறை சொல்லுங்கள்.

சேமிப்பின் ஒரு பகுதியை வங்கியின் 'மனி லாக்' வசதியில் பூட்டி வைக்கலாம். பூட்டிய பணத்தை இணையம் வழியாக எடுக்க முடியாது. பல வீடுகளில் இன்னும் இதைச் செய்யவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு இரவு முழுக்கச் சும்மா இருப்பது கடைசித் தவறு. பணம் நிமிடங்களில் கைமாறிவிடும். முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு போலிசில் புகார் கொடுங்கள். வந்தது மோசடியா என்று சந்தேகம் மட்டும் இருந்தால் மோசடி தொடர்பான உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.